நண்டு சொன்ன ‘நேராக’

ஒரு வெயில் காலையில், சேற்றுக்குளத்தங்கரையில் ஒரு முள்ளம்பன்றியின் வண்டியும் ஒரு கீரியின் வண்டியும் மோதிக்கொண்டன.

“டமார்!”

முள்ளம்பன்றியின் பெயர் சிலும்பாயி. காட்டில் வள்ளிக்கிழங்கு தோண்டி, இரட்டைச் சக்கர வண்டியில் ஏற்றி, தானே இழுத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறவள். நிதானமானவள். ஓர் எறும்பு எதிரே வந்தாலும் நின்று வழிவிட்டுத்தான் நகர்வாள்.

கீரியின் பெயர் விருட்டன். அவனுக்கு எங்கே போவதென்றாலும் அவசரம். வேலையே இல்லாத இடத்துக்கும் வியர்க்க விறுவிறுக்கத்தான் போவான்.

குளத்தங்கரையில் ஒரு பெரிய பாதை உண்டு. அதன் ஓரத்தில், குளத்துப் பக்கமாக, ஒரு புங்கமரம். மரத்துக்கு எதிரே புதர். புதருக்குள்ளிருந்து ஒரு சின்னத் தடம் வந்து பாதையில் ஏறும். சிலும்பாயி பாதையோடு வந்துகொண்டிருந்தாள். விருட்டன் புதருக்குள்ளிருந்து பாய்ந்தான். அப்புறம்தான் அந்த ‘டமார்’.

விருட்டனின் வண்டியில் ஒரு சக்கரம் இரண்டாகப் பிளந்தது. சிலும்பாயியின் வண்டிக்குப் பக்கப் பலகை மட்டும் போயிற்று. கிழங்குகள் உருண்டுபோய்க் குளத்தில் விழுந்தன. புளக், புளக், புளக்!

“கண்ணு தெரியலையா அக்கா? இப்படிக் குறுக்கே வந்து விழுறீங்களே!” என்று கத்தினான் விருட்டன்.

“நானா குறுக்கே வந்தேன்? பாதையோட வந்தவ நான்! புதர்லேருந்து பாய்ஞ்சவன் நீ!”

“நீங்கதான்!”

“நீதான்!”

இருவருக்கும் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கடைசியில் வழக்கு கொக்கு மன்றத்துக்குப் போயிற்று.

அந்தக் காட்டில் சின்னச் சின்ன வழக்குகளுக்கெல்லாம் நீதிபதி ஒரு கொக்கு. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு விசாரிக்கும். ஒரு வழக்குக்கு ஒரு கால். கால் கடுத்து மறு காலுக்கு மாறுவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடும். வக்கீல் கிடையாது, வாய்தா கிடையாது. அவரவர் வழக்கை அவரவரே பேச வேண்டும். பேசியதையெல்லாம் ஏட்டுக்கிளி ஒன்று மனப்பாடம் செய்துகொள்ளும். எப்போது கேட்டாலும் ஓர் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்லும்.

“குளத்தங்கரைப் பாதையின் சட்டம் எல்லாருக்கும் தெரியும். நேராகப் போகிற வண்டிக்குத்தான் வழி. குறுக்கே வருகிற வண்டி நிற்க வேண்டும். உங்களில் யார் குறுக்கே வந்தது?” என்று கேட்டது கொக்கு.

“அவன்!”

“அவங்க!”

“பார்த்தவர் உண்டா?”

பார்த்தவன் ஒரே ஒருவன்தான். புங்கமரத்தடியில் வளை தோண்டிக் குடியிருக்கும் நண்டு, பெயர் கொடுக்கன். மோதல் நடந்தபோது வளைக்கு வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தான். மன்றம் அவனுடைய வளைக்கே வந்தது.

“கொடுக்கா, வெளியே வந்து சாட்சி சொல்!”

“வர மாட்டேங்க!” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

“ஏன்?”

“நீங்க கொக்குங்க! நான் நண்டுங்க! நீங்க அங்கேருந்தே நீதி சொல்லுங்க. நான் இங்கேருந்தே சாட்சி சொல்றேன்!”

கூட்டம் சிரித்தது. கொக்குக்குக் கால் கடுக்க ஆரம்பித்திருந்தது. “சரி, உள்ளேயே இரு! யார் நேராக வந்தது? யார் குறுக்கே வந்தது?”

“கீரி நேரா வந்தான். முள்ளம்பன்றிதான் குறுக்கே வந்தா.”

“நிச்சயமாகவா?”

“சத்தியமா!”

அவ்வளவுதான். “பௌர்ணமிக்குள் சிலும்பாயி தன் வண்டியின் ஒரு சக்கரத்தைக் கழற்றி விருட்டனிடம் கொடுக்க வேண்டும்!” என்று சொல்லிக் கொக்கு காலை மாற்றிக்கொண்டது. வழக்கு முடிந்தது.

சிலும்பாயிக்கு உடம்பெல்லாம் முள் சிலிர்த்தது. “பொய்! இந்த நண்டு பொய் சொல்லுது!”

“யாரைப் பார்த்துப் பொய்யன்னு சொல்ற?” என்று வளை அதிர்ந்தது. “நான் பொறந்ததுலேருந்து நேர் வழியைத் தவிர வேற வழியில நடந்ததே இல்ல, தெரிஞ்சுக்கோ!”

சிலும்பாயி வீட்டுக்கு வந்து வண்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாகைமரச் சக்கரங்கள். அவளே பல்லால் கடித்துக் கடித்து வட்டமாக்கியவை. ஒன்றைக் கொடுத்துவிட்டால் மற்றது எதற்கு? ஒற்றைச் சக்கரத்தில் எந்த வண்டி ஓடும்? ஐப்பசி மழை தொடங்குவதற்குள் கிழங்கைச் சந்தையில் கொடுத்துத்தான் இரண்டு பிள்ளைகளுக்கும் மழைக்காலத் தீனி சேர்க்க வேண்டும். வண்டி இல்லையென்றால் தீனி இல்லை.

அதைவிடப் பெரிய வலி ஒன்று இருந்தது. மறுநாள் அவள் பாதையில் போனபோது ஒரு முயல் தன் குட்டியை ஓரமாக இழுத்துக்கொண்டது. “தள்ளி வா, தள்ளி வா! குறுக்கே பாயற பொம்பளை வருது!” என்றது. சிலும்பாயிக்கு அழுகையே வந்துவிட்டது. வாழ்நாளில் யாருக்கும் குறுக்கே போகாதவளுக்கு இப்படி ஒரு பெயர்!

போதாததற்கு விருட்டன் தினமும் வேலிக்கு மேல் தலையை நீட்டினான்.

“அக்கா, என் சக்கரம் சௌக்கியமா?”

“அது என் சக்கரம்!”

“பௌர்ணமி வரைக்கும் உங்க சக்கரம். வெயில்ல போடாதீங்க, வெடிச்சிடும். கொஞ்சம் எண்ணெய் தடவி வையுங்க!”

அன்றைக்கே சிலும்பாயி முடிவு செய்தாள். மேல்முறையீட்டுக்குப் போவது என்று.

மேல்முறையீடு எருமையிடம். ஊரில் எருமை என்றால் வசவு. அந்தக் காட்டில் அது பதவி. காரம்மை என்ற அந்தக் காட்டெருமை, குளத்துச் சேற்றில் கழுத்துவரை அமிழ்ந்து கிடந்தபடியே வழக்குக் கேட்பார். அவருடைய மன்றத்துக்கு அசைமன்றம் என்று பெயர். காரணம் இருக்கிறது. கொக்கு எதையும் மெல்லாமல் விழுங்குகிற பிராணி. எருமை, விழுங்கியதையும் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து மெல்லுகிற பிராணி. அதனால் கீழே கொக்கு, மேலே எருமை என்று காட்டில் எப்போதோ ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

“அம்மா, எனக்கு அநியாயம் நடந்துடுச்சு!” என்று கரையில் நின்று கதறினாள் சிலும்பாயி.

காரம்மையின் தாடை இடமிருந்து வலமாக அசைந்தது. பிறகு வலமிருந்து இடமாக அசைந்தது. அதற்கப்புறம்தான் பேச்சு வந்தது.

“இங்க வர்ற எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. நியாயமாத்தான் தோத்தேன்னு சொல்லிட்டு இதுவரைக்கும் ஒருத்தரும் வரல.”

“நான் வேற சாட்சி தேடிக் கொண்டுவரட்டுமா அம்மா?”

“இங்க புதுப் புல்லு தின்ன மாட்டேன். அதெல்லாம் கீழேயே போட்டிருக்கணும். கொக்கு மெல்லாம விழுங்குன கவளம் எது? அதை மட்டும் காட்டு, அசை போடறேன்.”

“எல்லாமேதாம்மா!”

“எல்லாமேன்னா எதுவுமே இல்லைன்னு அர்த்தம். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. யோசிச்சுட்டு வா.” காரம்மை கண்ணை மூடிக்கொண்டார்.

சிலும்பாயிக்குக் கோபம் கோபமாக வந்தது. எருமைமேல் கோபம், கொக்குமேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாக நண்டுமேல் கோபம். நேரே புங்கமரத்தடிக்குப் போனாள். வளை காலியாக இருந்தது.

“கொடுக்கண்ணே! ஏ கொடுக்கண்ணே! எங்க இருக்கீங்க?”

கொஞ்ச தூரத்தில், நாணல் மறைவிலிருந்து பதில் வந்தது. “வீடு மாத்திட்டேன்! அந்த மன்றம் நடந்த இடத்துல தூக்கமே வரல! நீ யாரு, என்னைப் பொய்யன்னு சொன்னவதானே?”

“ஆமா. அதைப் பத்திப் பேசத்தான் வந்திருக்கேன். எப்படி வரணும்?”

“அங்க ஒரு வெள்ளைக் கல்லு கெடக்கு பாரு. அதுமேல ஏறிக் குளத்தைப் பார்த்து நில்லு. அப்படியே நேரா வா!”

சிலும்பாயி கல்மேல் ஏறினாள். குளத்தைப் பார்த்து நின்றாள். நேராக நடந்தாள். மூன்றாவது அடியில், தொபுக்கடீர்! கழுத்துவரை சேறு.

“அடிப் பாவி! நேராத்தானே வரச் சொன்னேன்! ஏன் குறுக்கே போய் விழுந்தே?”

“நேராத்தான் வந்தேன்!”

“எது நேரா? இதுவா? குறுக்கே போய் விழுந்துட்டுப் பேச்சைப் பாரு!”

சேற்றிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தாள் சிலும்பாயி. கொடுக்கன் கல்லுக்கு இடப் பக்கத்திலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தான். முகம் குளத்தைப் பார்த்தபடி இருந்தது. கால்களோ பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தன. பிறந்ததிலிருந்து அவள் எத்தனையோ நண்டுகளைப் பார்த்திருக்கிறாள். ஆனால் அன்றைக்குத்தான் உண்மையிலேயே பார்த்தாள்.

“அண்ணே,” என்றாள் மெதுவாக. “இப்ப நீங்க எப்படி வந்தீங்க?”

“எப்படி வருவேன்? நேராத்தான்!”

சிலும்பாயி சிரிக்க ஆரம்பித்தாள். சேற்றுக்குள் குமிழி குமிழியாகச் சிரிப்பு வந்தது. கொடுக்கனுக்கு ஒன்றும் புரியவில்லை. விழுந்த அதிர்ச்சியில் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

சிரித்து முடித்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. “கொடுக்கண்ணே, உங்களைப் பொய்யன்னு சொன்னது தப்பு. நீங்க பொய்யே சொல்லல. என்னை மன்னிச்சுடுங்க,” என்றாள்.

“அதைத்தானே நானும் சொல்லிட்டிருக்கேன்!” என்று முறைத்தான் கொடுக்கன். ஆனாலும் மனசு இளகிவிட்டது. கொடுக்கை நீட்டி அவளைக் கரைக்கு இழுத்துப்போட்டான்.

மறுநாள் சாயங்காலம் சிலும்பாயி காரம்மையின் முன்னால் போய் நின்றாள். இந்த முறை அழவில்லை.

“அம்மா, கவளம் கெடைச்சிடுச்சு. ஒரே ஒரு வார்த்தை. ‘நேரா’!”

காரம்மையின் தாடை சட்டென்று நின்றது. அது அபூர்வம். “நாளைக்குக் காலையில புங்கமரத்தடியில அசைமன்றம் கூடும்,” என்றார்.

காலையில் காடே திரண்டுவிட்டது. காரம்மை சேறு சொட்டச் சொட்ட வந்து பாதை ஓரமாகப் படுத்தார். விருட்டன், பிளந்த சக்கரத்தைத் தோளில் சுமந்துகொண்டு பரிதாபமாக நின்றான். ஏட்டுக்கிளி கிளையில் உட்கார்ந்தது.

“ஏட்டுக்கிளி, சாட்சி சொன்னதைச் சொல்லு,” என்றார் காரம்மை.

“கீரி நேரா வந்தான். முள்ளம்பன்றிதான் குறுக்கே வந்தா!” என்றது கிளி, நண்டின் குரலிலேயே.

“கொடுக்கா, இங்க வா. அன்னைக்கு நீ எங்க நின்னியோ அங்க நில்லு.”

கொடுக்கன் நாணலிலிருந்து தலையை நீட்டினான். அதே நேரத்தில் மேலே சிறகடிக்கும் சத்தம் கேட்டது. “என் தீர்ப்பைப் பற்றிப் பேசும்போது நான் இல்லாமல் எப்படி?” என்று கேட்டபடி கொக்கு வந்து இறங்கியது.

கொடுக்கன் ஒரே பாய்ச்சலில் நாணலுக்குள் மறைந்தான்.

“வர மாட்டேங்க! செத்தாலும் வர மாட்டேங்க!”

விருட்டன் பல்லைக் காட்டினான். “சாட்சியே வராதாம்! அப்புறம் என்ன அம்மா, பழைய தீர்ப்புத்தான்! பௌர்ணமிக்கு இன்னும் ரெண்டே நாள்தான். அக்கா, எண்ணெய் தடவினீங்களா?”

சிலும்பாயியின் கைக்கெட்டிய சக்கரம் உருண்டு போகப் பார்த்தது. இவ்வளவு தூரம் வந்து, ஒரு கொக்கின் அலகுக்குப் பயந்து எல்லாம் வீணாகப் போவதா? அவள் நாணலருகே ஓடினாள். கொக்குக்கு முதுகைக் காட்டி நின்றாள். உடம்பிலிருந்த அத்தனை முள்ளையும் சிலிர்த்து விரித்தாள். சட்சட்டென்று ஒரு வேலி எழுந்தது.

“வாங்கண்ணே! முள்ளுக்கு அந்தப் பக்கம் கொக்கையா, இந்தப் பக்கம் நீங்க. என்னைத் தாண்டி ஒரு அலகும் வராது!”

“உன்னை நம்பலாமா?”

“உங்களை நான் நம்பித்தானே வந்திருக்கேன்!”

ஒரு கண் வெளியே வந்தது. மறு கண்ணும் வந்தது. பிறகு முழு நண்டும் வந்தது. முள் வேலியின் மறைவில் நடந்து, புங்கமரத்தடியில் தன் பழைய வளை வாசலுக்கு வந்து நின்றது. சிலும்பாயி வண்டி இழுத்து வந்த திசையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

“இப்படித்தாங்க நின்னேன். இவ வண்டி வர்ற பக்கம் பார்த்துட்டு.”

“ஆட்சேபம்!” என்று துள்ளினான் விருட்டன். “இது புது சாட்சி! அசைமன்றத்துல புதுப் புல்லு கூடாது!”

காரம்மை நிதானமாக மென்றார். “புதுசு ஒண்ணுமில்ல தம்பி. கிளி சொன்னதுல ‘நேரா’ன்னு ஒரு வார்த்தை இருக்கு. பழைய கவளம்தான். அதைத்தான் மெல்லப் போறேன். கொடுக்கா, கீரி நேரா வந்தான்னு சொன்னியே, அந்த ‘நேரா’வை எனக்கு நடந்து காட்டு.”

“இதென்ன பெரிய விஷயமா?” என்றான் கொடுக்கன். “இதோ, நேரா!”

அவன் புதரோரம் போய், அங்கிருந்து நடந்து காட்டினான். முகம் பாதையைப் பார்த்தபடி இருந்தது. கால்கள் புதர்ப் பக்கத்திலிருந்து குளத்துப் பக்கமாக, பாதையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஓடின. கொக்குக்கும் அவனுக்கும் நடுவில் நிற்க வேண்டுமே என்று சிலும்பாயியும் அவனோடு பக்கவாட்டிலேயே தடுமாறித் தடுமாறி நடந்தாள். முள்ளம்பன்றி நண்டு நடை நடந்ததை அந்தக் காடு அன்றுதான் பார்த்தது.

கூட்டம் ‘கொல்’லென்று சிரித்தது.

“சிரிக்காதீங்க!” என்றார் காரம்மை. அவருக்கும் சிரிப்புத்தான். “கொடுக்கா, அப்போ குறுக்கேன்னா எது?”

கொடுக்கன் கொடுக்கை உயர்த்தி, நீண்டு கிடந்த பாதையை மூக்குக்கு எதிரே காட்டினான். “அதோ, அந்தப் பக்கம்! கண்ணுக்கு எதிரே அப்படியே போறது! ஒழுங்கானவங்க யாராவது அப்படிப் போவாங்களா? குறுக்கே போற புத்தி வேணும் அதுக்கு!”

இப்போது காரம்மையாலும் அடக்க முடியவில்லை. சேறு தெறிக்கச் சிரித்தார். கொக்கு மட்டும் சிரிக்கவில்லை. தூக்கி வைத்திருந்த காலைத் தரையில் இறக்கிவிட்டுத் தலை குனிந்து நின்றது. அந்த நீதிபதிக்கு இரண்டு காலும் ஒன்றாகத் தரையில் பட்டதை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

“மெல்லாமல் விழுங்கிவிட்டேன்,” என்றது கொக்கு மெல்லிய குரலில்.

காரம்மை விருட்டன் பக்கம் திரும்பினார். “நண்டுக்குத் தெரியாது. கொக்குக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமில்லையா, நீ எந்தப் பக்கமிருந்து வந்தேன்னு?”

விருட்டனின் வால் தரையைத் தொட்டது. “தெரியும் அம்மா.”

“அப்புறம் ஏன் சும்மா இருந்தே?”

“மொதல்ல கோபத்துல கத்திட்டேன். அப்புறம் சாட்சியே எனக்குச் சாதகமா சொல்லிடுச்சு. அதுக்குமேல நான் ஏன் வாயைத் திறக்கணும்னு இருந்துட்டேன்.”

அதைச் சொல்லும்போது அவன் சிலும்பாயியின் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு நிமிர்ந்து பார்த்தான். “தப்புத்தான் அக்கா,” என்றான்.

காரம்மை கடைசியாக ஒருமுறை மென்று, விழுங்கி, தீர்ப்புச் சொன்னார். “சக்கரம் சிலும்பாயியோடதுதான். விருட்டன் அவ வண்டிக்குப் புதுப் பலகை அடிச்சுக் கொடுக்கணும். குளத்துல விழுந்த கிழங்குக்குப் பதில் கிழங்கு அவனே தோண்டித் தரணும். இனிமே இந்த மரத்துகிட்ட வந்தா நின்னு, ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் ஏறணும். கொக்கையா, நண்டு சாட்சி சொன்னா, அடுத்த தடவை நடக்கவிட்டுக் கேளுங்க!”

“அதுக்கு அவர் தூரமா நிக்கணும்!” என்று கத்தினான் கொடுக்கன்.

முதலில் ஓடி வந்து சிலும்பாயியின் வண்டியைத் தள்ளிக்கொடுத்தது யார் தெரியுமா? குட்டியை ஓரமாக இழுத்துக்கொண்ட அந்த முயல்தான். இரண்டு சக்கரமும் கிறீச் கிறீச்சென்று சத்தமிட்டபடி வண்டி பாதையோடு உருண்டது. ஐப்பசிக்கு இன்னும் நாள் இருந்தது.

அடுத்த வாரம் விருட்டன் புதுச் சக்கரம் போட்ட வண்டியோடு புதருக்குள்ளிருந்து வந்தான். புங்கமரத்தருகே வந்ததும் நின்றான். பழைய வளைக்கே திரும்பிவிட்டிருந்த கொடுக்கன், அதன் வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தான்.

“பாதையில யாரும் இல்ல! பயப்படாம நேரா போ!” என்று கொடுக்கை ஆட்டினான் கொடுக்கன்.

விருட்டன் ஒரு காலை எடுத்து வைத்தான். சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டான்.

“அண்ணே, ஒரு நிமிஷம்! உங்க நேராவா, எங்க நேராவா?”

ஒருவர் சொன்ன சொல்லைக் கேட்டால் மட்டும் போதாது, அதை அவர் என்ன பொருளில் சொன்னார் என்று கேட்டறிந்த பிறகே யாரையும் குற்றவாளி என்று சொல்ல வேண்டும்.